வைஃபையில் மட்டும் வராத மெயில்: ஒரு நிகழ்வு ஆய்வு

சுமார் 60 பேர் வேலை செய்யும் ஒரு நிறுவனம். மெயில் சர்வர் அவர்களுடையதுதான், ஆனால் அது அலுவலகக் கட்டடத்தில் இல்லை. டேட்டா சென்டரில் வாடகைக்கு எடுத்த லினக்ஸ் இயந்திரம். மெயிலை வாங்கவும் அனுப்பவும் போஸ்ட்ஃபிக்ஸ், மெயில்பெட்டியைத் திறந்து காட்ட டவ்காட், பிரவுசரில் பார்ப்பவர்களுக்கு ரவுண்ட்கியூப், பாஸ்வேர்டை ஊகித்து நுழையப் பார்ப்பவர்களைத் தடுக்க ஃபெயில்2பேன். மேசைக் கணினிகளில் தண்டர்பேர்ட். போன்களில் அவரவருக்குப் பிடித்த மெயில் ஆப். படிப்பது ஐமேப் என்ற முறை வழியாக 993 போர்ட்டில் (சர்வரின் எண்ணிட்ட வாசல்களில் ஒன்று), அனுப்புவது 587-இல். விசேஷமாக எதுவும் இல்லாத அமைப்பு.

பிரச்சினை இப்படி இருந்தது. அலுவலக நேரத்தில் மெயில் நின்றுபோகும். ஒரு மணி நேரம் வராது, அப்புறம் தானாக வரும், அரைமணியோ முக்கால் மணியோ நன்றாக ஓடும், மறுபடி நிற்கும். இரவில் இந்தத் தொல்லை இல்லை, விடுமுறை நாளிலும் இல்லை. போனில் வைஃபையை அணைத்துவிட்டு சிம் டேட்டாவுக்கு மாறினால் மெயில் உடனே கொட்டும். அதே வைஃபையில் பிரவுசரைத் திறந்து ரவுண்ட்கியூபுக்குப் போனால், அங்கேயும் எல்லாம் சரியாக இருக்கும்.

கடைசியாகச் சொன்ன இரண்டும்தான் எல்லாரையும் திசைதிருப்பின. டேட்டாவில் வருகிறது, வைஃபையில் வரவில்லை என்றால் வைஃபையில்தான் கோளாறு என்று ஒரு கட்சி. ரூட்டரை மாற்றினார்கள், இணைய சேவைக்காரர்களிடம் புகார் கொடுத்தார்கள். பிரவுசரில் வருகிறது, ஆப்பில் வரவில்லை என்றால் ஆப்பில்தான் கோளாறு என்று இன்னொரு கட்சி. அவர்கள் கணக்கை அழித்துவிட்டு மறுபடி சேர்த்துப் பார்த்தார்கள். சின்னத் திரையில் பாஸ்வேர்டைத் தட்டும்போது ஒன்றிரண்டு முறை பிழையும் விட்டார்கள். அந்தப் பிழைகள் நிலைமையை இன்னும் மோசமாக்கின என்பது பிறகுதான் தெரிந்தது. சர்வரைக் கவனித்துக்கொண்டிருந்த அட்மினுக்கோ எல்லாமே பச்சையாகத் தெரிந்தது. கண்காணிப்புக் கருவி வேறொரு ஊரிலிருக்கும் இயந்திரத்தில் ஓடியது. அங்கிருந்து பார்த்தால் 993 எப்போதும் திறந்தே இருந்தது. அவரும் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்.

மறுப்பா, மௌனமா

வழி திறந்தது ஒரு சின்ன வித்தியாசத்தில். மெயில் நின்றிருக்கும் நேரத்தில் அலுவலகக் கணினி ஒன்றிலிருந்து சர்வரின் 993 போர்ட்டைக் கைமுறையாகத் தொட்டுப் பார்த்தபோது, காத்திருக்கவே வைக்காமல், அந்த நொடியே "இணைப்பு மறுக்கப்பட்டது" என்று பதில் வந்தது. சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று கேட்கும் பிங் போகிறது. வலைப்பக்கங்களுக்கான 443 திறக்கிறது. 993-உம் 587-உம் மட்டும் மறுக்கின்றன.

வைஃபையோ இணைய சேவையோ பழுதானால் பெரும்பாலும் மௌனம்தான் கிடைக்கும். காத்திருந்து காத்திருந்து நேரம் முடிந்துபோகும். உடனடி மறுப்பு என்றால் நாம் அனுப்பிய தரவுத் துண்டை, அதாவது பாக்கெட்டை, யாரோ பெற்று, பார்த்து, வேண்டாம் என்று திருப்பியிருக்கிறார்கள். டவ்காட் ஓடாமல் நின்றிருந்தாலும் இப்படி மறுப்பு வரும்தான். ஆனால் வெளியிலிருந்து பார்த்தால் அது ஓடிக்கொண்டிருக்கிறது. அப்படியானால் சர்வர் இந்த அலுவலகத்தை மட்டும் தள்ளி வைத்திருக்கிறது என்றுதான் பொருள். ஃபெயில்2பேனின் இயல்பான அமைப்பும் இதேபோலத்தான் வேலை செய்கிறது: தடைபட்ட முகவரியிலிருந்து வரும் பாக்கெட்டைச் சத்தமில்லாமல் விழுங்காது, போர்ட் கிடைக்காது என்று சொல்லித் திருப்பும். டவ்காட்டுக்கான விதி மெயில் போர்ட்டுகளுக்கு மட்டும் தடை போடும். 443 அதன் பட்டியலில் கிடையாது. ரவுண்ட்கியூப் வேலை செய்தது இதனால்தான். அது டவ்காட்டுடன் பேசுவதும் அதே இயந்திரத்துக்குள்ளேயே, 127.0.0.1 என்ற முகவரியிலிருந்து.

ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகப் புகார் சொன்னதற்கும் இங்கே காரணம் கிடைக்கிறது. தடை விழும் நேரத்தில் புதிதாக இணைய முயலும் ஆப் உடனே பிழை காட்டும். ஏற்கெனவே இணைந்து, ஐமேப்பின் ஐடில் நிலையில் புது மெயிலுக்காகக் காத்திருக்கும் போனுக்கு ஒன்றுமே தெரியாது. ஐடிலில் இருக்கும் ஆப் 29 நிமிடத்துக்கு ஒருமுறையாவது அதைப் புதுப்பிக்க வேண்டும் என்று 1997-இல் வந்த அதன் வரையறை சொல்கிறது. அதுவரை போன் நிம்மதியாக இருக்கும். தடை உள்ளே வரும் பாக்கெட்டுகளுக்குத்தான், வெளியே போகிறவற்றுக்கு இல்லை. ஆகவே புது மெயில் வந்திருக்கிறது என்ற தகவல்கூட போனுக்குப் போய்ச் சேரலாம். அதைத் திறக்கப் போனால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒருவர் "பிழை" என்பார், பக்கத்து மேசைக்காரர் "ஸ்லோ" என்பார், மூன்றாமவர் "எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லையே" என்பார். மூவர் சொன்னதும் உண்மை.

விலக்குப் பட்டியலில் இருந்த முகவரி

ஃபெயில்2பேனைச் சந்தேகிக்கவே இல்லையா? சந்தேகித்திருக்கிறார்கள். அலுவலகத்தின் ஐபி முகவரி (இணையத்தில் அதை அடையாளம் காட்டும் எண்) விலக்குப் பட்டியலில், அதாவது தடையே போடக் கூடாத முகவரிகளில், இருக்கிறதா என்று முதல் வாரமே பார்த்திருக்கிறார்கள். இருந்தது. "அலுவலகம்" என்ற குறிப்போடு அழகாக எழுதியிருந்தது. அதோடு அந்தச் சந்தேகத்தை மூடிவிட்டார்கள்.

அது பழைய முகவரி. நிறுவனம் இணைய சேவையை மாற்றிச் சில மாதங்கள் ஆகியிருந்தன, அப்போதே முகவரியும் மாறிவிட்டது. விலக்குப் பட்டியலை யாரும் தொடவில்லை. ஃபெயில்2பேனின் லாக்கில் (நடப்பதைப் பதியும் கோப்பில்) ஒவ்வொரு நாளும் நூற்றுக்கணக்கான முகவரிகள் தடைபட்டு விடுபடும். அவற்றில் ஒன்று தங்கள் அலுவலகத்தின் புது முகவரி என்று பார்த்ததும் கண்டுபிடிக்க யாராலும் முடியாது. சொந்த வெளி முகவரியை நினைவில் வைத்திருப்பவர் யார்? டவ்காட் விதியின் தற்போதைய நிலையைக் கேட்டு, அலுவலகக் கணினியிலிருந்து பார்த்த வெளி முகவரியோடு ஒப்பிட்டதும் விஷயம் முடிந்தது. தடைப் பட்டியலில் அது இருந்தது.

ஏன் ஒரு மணி நேரம், ஏன் முக்கால் மணி என்பதற்குக் கணக்குப் போட்டால் போதும். பாஸ்வேர்டை ஏமாற்றிப் பறிக்கும் ஒரு ஃபிஷிங் மெயிலில் சிலர் சிக்கிய பிறகு நிறுவனம் எல்லாருடைய பாஸ்வேர்டையும் மாற்றச் சொன்னது. அதே வாரம் அட்மின் ஃபெயில்2பேனையும் இறுக்கினார். இயல்பான அமைப்பில் 10 நிமிடத்துக்குள் 5 தவறு செய்தால் 10 நிமிடத் தடை. அவர் வைத்தது ஒரு மணி நேரத்துக்குள் 3 தவறு, ஒரு மணி நேரத் தடை. இப்போது பழைய பாஸ்வேர்டோடு ஒரே ஒரு போன், 15 நிமிடத்துக்கு ஒருமுறை மெயில் பார்க்கும்படி அமைத்தது, அலுவலக வைஃபையில் இருக்கிறது என்று வையுங்கள். முதல் தவறு, 15 நிமிடம் கழித்து இரண்டாவது, இன்னும் 15 நிமிடத்தில் மூன்றாவது, தடை. தடை நேரத்தில் அந்த போனாலும் உள்ளே வர முடியாது, ஆகவே தவறு எதுவும் எண்ணிக்கையில் சேராது. ஒரு மணி நேரம் முடிந்து தடை விலகியதும் எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்கும். அடுத்த முயற்சி உடனே வந்தால் 30 நிமிடத்தில் மீண்டும் தடை, கொஞ்சம் தள்ளி வந்தால் 45 நிமிடம் வரை ஓடும். வைஃபையில் யாராவது பாஸ்வேர்டைத் தப்பாகத் தட்டினால் அதுவும் இதே எண்ணிக்கையில் சேரும், ஏனென்றால் அலுவலகம் மொத்தமும் வெளியே ஒரே முகவரிதான். புகார்களை நேரவாரியாக எழுதி வைத்திருந்த வரவேற்பறை ஊழியரின் குறிப்பு இந்தக் கணக்கோடு அப்படியே பொருந்தியது.

திரும்பத் திரும்பத் தடைபடும் முகவரிக்குத் தடை நேரத்தைக் கூட்டிக்கொண்டே போகும் வசதியும் ஃபெயில்2பேனில் உண்டு. அதை அவர் போடாதது நல்லதாகிவிட்டது. போட்டிருந்தால் அலுவலகம் நாள்கணக்கில் வெளியே நின்றிருக்கும்.

ஒரே தவறு நூறு முறை

இந்த நிகழ்வின் மையம் இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. பாஸ்வேர்டை ஊகிப்பவர் ஒவ்வொரு முறையும் வேறொன்றைப் போட்டுப் பார்ப்பார். மறந்துபோன போன் ஒவ்வொரு முறையும் அதே ஒன்றைத்தான் போடும். இரண்டும் வேறு வேறு நடத்தை, ஆனால் லாக்கில் ஒரே மாதிரி தெரியும்: இந்தக் கணக்கு, இந்த முகவரி, உள்நுழைவு தோல்வி. ஃபெயில்2பேன் லாக்கை மட்டும் படிக்கிறது. அதில் இல்லாததை அதனால் அறிய முடியாது.

டவ்காட்டுக்கு இந்த வித்தியாசம் தெரியும். தோற்கும் முகவரிகளுக்குப் பதிலைத் தாமதப்படுத்தும் வேலையை அதுவே செய்கிறது: 2 நொடி, 4, 8, கடைசியாக 15. ஆனால் அதே கணக்கும் அதே பாஸ்வேர்டும் அண்மையில் வந்த 10 முயற்சிகளில் ஒன்றோடு பொருந்தினால் தாமதத்தைக் கூட்டாது. பழைய பாஸ்வேர்டை மாற்ற மறந்த ஆளைத் தண்டிக்கக் கூடாது என்பதற்காகவே அப்படி எழுதியிருக்கிறார்கள். விண்டோஸ் உலகிலும் இதே யோசனை உண்டு. நிறுவனங்களின் கணக்குகளை நிர்வகிக்கும் ஆக்டிவ் டைரக்டரியில், தவறான பாஸ்வேர்டு அந்தக் கணக்கின் கடைசி இரண்டு பழைய பாஸ்வேர்டுகளில் ஒன்றாக இருந்தால், கணக்கைப் பூட்டுவதற்கான எண்ணிக்கையில் அது சேராது; விண்டோஸ் சர்வர் 2003 காலத்திலிருந்தே இப்படி. மைக்ரோசாஃப்ட்டின் என்ட்ரா என்ற உள்நுழைவு சேவையும் கடைசி மூன்று தவறான பாஸ்வேர்டுகளின் ஹேஷை (பாஸ்வேர்டிலிருந்து கணக்கிட்ட, கைரேகை போன்ற குறியீட்டை) வைத்துக்கொண்டு, அதே தவறு திரும்ப வந்தால் எண்ணாமல் விடுகிறது. உள்நுழைவைச் சரிபார்க்கும் இந்த மென்பொருள்களை எழுதியவர்கள் எல்லாரும் இந்த போனை எதிர்பார்த்திருக்கிறார்கள். அதற்கு வெளியே நின்று லாக்கைப் படித்துத் தடைபோடும் ஏற்பாட்டில்தான் அந்த அறிவு தொலைந்துவிடுகிறது.

நல்லவேளையாக, அதை லாக்குக்குள் கொண்டுவர டவ்காட்டில் ஒரு அமைப்பு இருக்கிறது. "ஆத்_வெர்போஸ்_பாஸ்வேர்ட்ஸ்" என்ற வரியில் "ஷா1:6" என்று போட்டால், தோற்ற பாஸ்வேர்டின் ஹேஷில் முதல் 6 எழுத்துகள் மட்டும் லாக்கில் விழும். பாஸ்வேர்டு வெளியே தெரியாது, ஆனால் இரண்டு தோல்விகள் ஒன்றா வேறா என்பது தெரியும். போட்ட அன்றே தெரிந்தது. ஒரே கணக்கு, 15 நிமிடத்துக்கு ஒருமுறை, அதே 6 எழுத்துகள். இடையிடையே வேறு எழுத்துகளோடு வந்தவை கையால் தட்டிய பிழைகள். தாக்குதல் எதுவும் அலுவலகத்துக்குள்ளிருந்து நடக்கவில்லை என்பதும் இதோடு உறுதியானது. வேலை முடிந்ததும் இந்த வரியை எடுத்துவிட வேண்டும். மனிதர்கள் வைக்கும் பாஸ்வேர்டுகள் பலவீனமானவை. 6 எழுத்து ஹேஷ்கூட ஊகிப்பவருக்குக் கொஞ்சம் வேலையைக் குறைத்துக் கொடுக்கும்.

எந்த போன்?

கணக்கு, சரக்கு அனுப்பும் பிரிவின் மேற்பார்வையாளருடையது. அவருடைய போனில் புது பாஸ்வேர்டு, மடிக்கணினியிலும் புது பாஸ்வேர்டு. இரண்டும் ஒழுங்காக ஓடுகின்றன. "வேற எதுலயும் போடலையே சார்" என்று அடித்துச் சொன்னார்.

சர்வர் லாக்கில் வெளி முகவரி மட்டும்தான் இருக்கும். உள்ளே எந்தக் கருவி என்பது ரூட்டருக்குத்தான் தெரியும். தோல்வி விழுந்த அதே நிமிடத்தில் 993-க்குப் போன இணைப்புகளை ரூட்டரின் இணைப்புப் பட்டியலில் பார்த்தால் உள் முகவரி கிடைக்கும். 60 பேர் 993-இல் இருக்கும்போது ஒரு நிமிடத்தை மட்டும் பார்த்தால் பலர் சிக்குவார்கள். நாலைந்து தோல்விகளின் நேரங்களை எடுத்து, எல்லாவற்றிலும் புதிதாகத் தோன்றிச் சில நொடிகளில் மறைந்த முகவரி எது என்று பார்க்க வேண்டும். ஒன்றுதான் மிஞ்சியது.

அந்த முகவரியை யாருக்குக் கொடுத்தோம் என்று, உள் முகவரிகளை வழங்கும் டிஎச்சிபியின் பட்டியலில் தேடினால், பெயர் இருந்த இடத்தில் ஆண்ட்ராய்டு என்று தொடங்கும் பொருளற்ற எழுத்துத் தொடர். கருவியின் நெட்வொர்க் வன்பொருளுக்குரிய மேக் முகவரியை வைத்துத் தயாரிப்பாளரைக் கண்டுபிடிக்கும் பழைய வித்தை இப்போது அவ்வளவாகப் பலிக்காது. ஆண்ட்ராய்டு 10-உம் ஐஓஎஸ் 14-உம் வந்த பிறகு போன்கள் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு பொய்யான மேக் முகவரியையே காட்டுகின்றன. மிச்சமிருந்த ஒரே தடயம், எந்த வைஃபை பெட்டியோடு அது இணைந்திருக்கிறது என்பது. குடோன் வாசலில் இருந்த பெட்டி.

போய்ப் பார்த்தால், பார்சல்களைப் படம் எடுக்க வைத்திருந்த பழைய போன். மேற்பார்வையாளர் முன்பு பயன்படுத்தியது. புது போன் வாங்கியதும் குடோனுக்குக் கொடுத்துவிட்டார், மெயில் கணக்கை நீக்கவில்லை. படம் எடுக்கும்போது மெயில் அறிவிப்புகள் குறுக்கே வருகின்றன என்று குடோன் பையன்கள் அறிவிப்பை அணைத்திருந்தார்கள். ஆகவே "பாஸ்வேர்டு தவறு" என்ற எச்சரிக்கையை யாரும் பார்க்கவில்லை. காலையில் வேலைக்கு வந்ததும் போனை ஆன் செய்வார்கள், மாலையில் ஆஃப் செய்து பூட்டிவிடுவார்கள். இரவிலும் விடுமுறையிலும் தொல்லை இல்லாததன் ரகசியம் அவ்வளவுதான். கணக்கை நீக்கிய பிறகு தடை விழவில்லை.

இதில் பாஸ்வேர்டைத் தாண்டிய ஒரு ஆபத்தும் இருந்தது. மேற்பார்வையாளரின் பல மாத மெயில்கள், வாடிக்கையாளர்களின் விவரங்களோடு, யார் வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய ஒரு போனில் இருந்தன. நிறுவனத்தில் யாருக்கும் மெயில் நின்றதுதான் உறைத்தது, இது உறைக்கவில்லை. எனக்கு இரண்டாவதுதான் பெரிதாகப் பட்டது.

மாற்றியவை

விலக்குப் பட்டியலில் புது முகவரியைச் சேர்ப்பது ஐந்து நிமிட வேலை. ஆனால் அதோடு நிறுத்தினால் அலுவலகத்துக்குள் ஒரு கணினியில் வைரஸ் புகுந்து பாஸ்வேர்டுகளை ஊகிக்கத் தொடங்கினால் யாரும் தடுக்க மாட்டார்கள். ஆகவே அலுவலக முகவரியிலிருந்து தோல்விகள் சேர்ந்தால், தடை போடாமல், எந்தக் கணக்கு, எத்தனை முறை என்று அட்மினுக்கு எழுதும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் வைத்தார்கள். அலுவலகத்தின் வெளி முகவரி பட்டியலில் உள்ளதோடு பொருந்துகிறதா என்று தினமும் பார்க்கும் வேலையும் அதற்கே. இறுக்கிய எண்களைப் பழைய நிலைக்கே தளர்த்தச் சொன்னேன். அட்மினுக்கு அதில் உடன்பாடில்லை. இன்றைய ஊகிப்புத் தாக்குதல்கள் ஆயிரம் முகவரிகளிலிருந்து ஆளுக்கு ஒரு முயற்சியாக வருகின்றன. 3 என்று வைத்தாலும் 5 என்று வைத்தாலும் அவை சிக்குவதில்லை, சிக்குவது சொந்த ஊழியர்கள்தான் என்பது என் வாதம். கடைசியில் ஒத்துக்கொண்டார்.

பெரிய மாற்றம், கருவிக்கு ஒரு பாஸ்வேர்டு. ஒவ்வொரு போனுக்கும் கணினிக்கும் இயந்திரமே உருவாக்கிய நீளமான பாஸ்வேர்டு ஒன்று, "மேற்பார்வையாளர், கறுப்பு போன்" என்பது போன்ற ஒரு பெயரோடு அட்டவணையில் இருக்கும். டவ்காட் பாஸ்வேர்டு சரிபார்க்கும் இடங்களை வரிசையாக அமைக்க விடுகிறது: முதல் பட்டியலில் பொருந்தாவிட்டால் அடுத்ததற்குப் போகும். ஊழியர் நினைவில் வைத்திருக்கும் முதன்மை பாஸ்வேர்டுக்கு "அலவ்_நெட்ஸ்" என்ற புலத்தில் 127.0.0.1 மட்டும் போட்டார்கள். அதாவது அது ரவுண்ட்கியூபில் மட்டுமே செல்லும். அங்கே இரண்டாவது சரிபார்ப்பையும் சேர்க்க முடிந்தது. ஃபிஷிங்கில் ஒருவர் அதைக் கொடுத்துவிட்டாலும் வெளியிலிருந்து ஐமேப்பில் நுழைய அது உதவாது. முதன்மை பாஸ்வேர்டை மாற்றினாலும் போன்கள் எதுவும் தோற்காது. போன் தொலைந்தாலோ கை மாறினாலோ அதன் வரியை நீக்கினால் போதும். நீக்கிய பாஸ்வேர்டின் 6 எழுத்து ஹேஷை மட்டும் பெயரோடு வைத்துக்கொள்கிறார்கள். நாளை இப்படி ஒரு போன் தட்டிக்கொண்டே இருந்தால், லாக்கில் அந்த வரியை மறுபடி போட்டதும் அதன் பெயரே தெரிந்துவிடும். இவை ஊகிக்க முடியாத நீளமான பாஸ்வேர்டுகள், ஆகவே ஹேஷ் துண்டு கசிந்தாலும் பயமில்லை.

ஊழியர்கள் முதலில் முணுமுணுத்தார்கள். கியூஆர் குறியீட்டைக் காட்டி ஒட்டிக்கொள்ளும்படி செய்ததும் அடங்கியது.

வெளியூர் விற்பனையாளர்

ஒரு புகார் மட்டும் இந்த விளக்கத்துக்குள் அடங்கவில்லை. எப்போதும் வெளியில் சுற்றும் விற்பனையாளர் ஒருவருக்கு சிம் டேட்டாவிலேயே அவ்வப்போது மெயில் நின்றது. அவர் பாஸ்வேர்டைத் தவறாகப் போட்டதாக லாக்கில் ஒரு வரிகூட இல்லை. தடைப் பட்டியலின் பழைய பதிவுகளில் அவர் பயன்படுத்திய வெளி முகவரி இருந்தது. அதைத் தடைக்குள்ளாக்கியது இந்த நிறுவனத்தோடு சம்பந்தமே இல்லாத ஊகிப்பு முயற்சிகள். ஐபிவி4 என்ற பழைய வகை முகவரிகள் தட்டுப்பாடானதால் மொபைல் நிறுவனங்கள் பல சந்தாதாரர்களை ஒரே வெளி முகவரிக்குப் பின்னால் வைக்கின்றன, இதில் உள்பக்கம் பயன்படுத்துவதற்கென்றே 100.64.0.0-இலிருந்து தொடங்கும் முகவரித் தொகுதி 2012-இல் ஒதுக்கப்பட்டது. யாரோ ஒருவரின் வைரஸ் பிடித்த போன் நம் சர்வரைத் தட்டினால், அதே முகவரியில் இருக்கும் நம் ஆளும் சேர்ந்து வெளியே நிற்பார். மொபைல் நிறுவனத்தின் முகவரிகளை விலக்குப் பட்டியலில் சேர்ப்பது நடக்காத காரியம்.

இதற்குக் கைகொடுத்தது ஐபிவி6, தட்டுப்பாடில்லாத புது வகை முகவரி. அவருடைய போனுக்கு மொபைல் நெட்வொர்க் ஏற்கெனவே தனி ஐபிவி6 முகவரி கொடுத்துக்கொண்டிருந்தது. சர்வருக்குத்தான் அந்த வாசல் இல்லை. திறந்தார்கள், ஒரு எச்சரிக்கையோடு. ஐபிவி6 வழியாக மெயில் அனுப்பும் சர்வருக்குத் தலைகீழ் டிஎன்எஸ் பதிவு (முகவரியிலிருந்து பெயரைச் சொல்வது) ஒழுங்காக இல்லாவிட்டால் ஜிமெயில் ஏற்காது. ஆகவே போன்கள் மெயில் படிக்கவும் அனுப்பவும் இணையும் சர்வர் பெயருக்கு மட்டும் ஐபிவி6 பதிவு கொடுத்து, போஸ்ட்ஃபிக்ஸ் வெளியே அனுப்புவதை ஐபிவி4-இலேயே விட்டார்கள். ஃபயர்வாலில் ஐபிவி6-க்கான விதிகளைத் தனியாக எழுத வேண்டியிருந்தது. விற்பனையாளரின் போன் இப்போது அந்த வாசல் வழியாகத்தான் வந்துபோகிறது.